தொட்டியில் வளர்த்த விரால்

என் வளைகாப்பில் ஒரு கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் புடவையில் சொட்டியதும் எதிரே இருந்த பெண் "ஐயோ" என்று கத்தினாள். இவள் எதற்குக் கத்துகிறாள் என்று நான் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலிக்கவே இல்லை.

அபசகுனம் என்று ஆளுக்கொன்று பேசத் தொடங்கினார்கள். என் நாத்தனார் கோமதி மட்டும் காயத்தைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா தேவகி, இம்மாம் ஆழமா கிழிச்சிகீது. ஒனுக்குத் தெரியலையா?"

"தெரியல அண்ணி. வெரலுல்லாம் மரத்துப்போயி ரெண்டு மாசமாவுது."

"ரெண்டு மாசமாவா? வாயில இன்னா வச்சிக்கினு இருந்தே?"

வாயில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. சொல்லத்தான் இல்லை. உத்திரமேரூர் பஜாரில் ஒரு கடைக்கு வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் நான். கொக்கி தைக்கும்போது ஊசி நழுவியது. பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசி போட்டதுபோல் உதடு தடித்திருந்தது. நடந்தால் கால் நான் நினைத்த இடத்தில் விழவில்லை. ஆனால் எனக்கு வயிற்றில் ஏழு மாதம். பிள்ளை உண்டானவள் தலை வலிக்கிறது என்றாலும் கால் வலிக்கிறது என்றாலும் "அப்படித்தான் இருக்கும்" என்று ஊரே சேர்ந்து சொல்லிவிடும். அப்புறம் நாம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னதற்கு உள்ளூர் டாக்டரும் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் சத்து ஊசியும் எழுதிக் கொடுத்து, மீன் நிறைய சாப்பிடச் சொல்லி அனுப்பினார்.

மீன் எங்கள் வீட்டில் ஏற்கெனவே நிறையத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

என் கணவர் ஏழுமலைக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நெல் நிலம். அதோடு ஐந்து பேருடன் கூட்டாக எங்கள் ஊர் ஏரியின் மீன் குத்தகையிலும் பங்கு எடுத்திருந்தார். கல்யாணமாகி நாலு வருடம் வயிறு திறக்கவில்லை. பிறகு ஒன்று தங்கி மூன்றாம் மாதம் கலைந்துபோனது. அப்போது படுத்த படுக்கையாகக் கிடந்த என்னை எழுப்ப, அவர் தன்னால் முடிந்த ஒரே வைத்தியத்தைக் கையில் எடுத்தார். அதுதான் விரால்.

எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பிள்ளை உண்டானவர்களுக்கும் விரால்தான் கொடுப்பார்கள். புண் ஆறும், உடம்பு பிடிக்கும் என்பார்கள். அதிலும் பெரியதாக, கிழட்டு விராலாக இருக்க வேண்டும். கூட்டாளிகள் வலையில் அப்படி ஒன்று விழுந்தால் வியாபாரிக்குக் காட்டாமல் எடுத்து வைத்து, "எடுத்துக்கினு போ ஏழுமல, ஒம் பொண்டாட்டிக்கு" என்று கொடுத்துவிடுவார்கள். நல்ல மனிதர்கள், அதில் சந்தேகமே இல்லை.

ஏரி விரால் சேற்று வாடை அடிக்கும். அதனால் பிடித்த அன்றே அறுக்க மாட்டோம். வீட்டுப் பின்னால் சிமெண்ட் தொட்டியில் போர் தண்ணீர் விட்டு, துள்ளி வெளியே விழாமல் மேலே வலை கட்டி, பத்துப் பதினைந்து நாள் உயிரோடு வைத்திருப்போம். அழுக்கெல்லாம் கழன்று மீன் சுத்தமாகிவிடும் என்பது எங்கள் கணக்கு. அவர் தினமும் விடிந்ததும் முதல் வேலையாகத் தொட்டித் தண்ணீரை மாற்றுவார். அதோடு விடாமல், ஏரியிலிருந்து சின்னக் கெண்டை, இறால், தவளைக்குஞ்சு என்று அள்ளி வந்து தொட்டியில் போடுவார். "நீ துன்னப்போற மீனு, அது பட்டினி கெடக்கலாமா?" என்று கேட்பார். விரால் கொழுத்தது. ஒன்றரை வருடம், வாரத்தில் மூன்று நாள் நாலு நாள், நானும் விடாமல் தின்றேன். நடுத்துண்டம் எனக்கு, வாலும் தலையும் அவருக்கு. மறுபடியும் வயிற்றில் தங்கியபோது விரால்தான் தங்க வைத்தது என்று இருவரும் நம்பினோம்.

வளைகாப்பு முடிந்த மறுநாளே காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். நான் சரிந்து அவர் மேஜைமேல் விழுந்தேன். உடனே சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிவிட்டார்.

அங்கே முதல் இரண்டு நாளும் வராண்டாவில்தான். நரம்புப் பிரிவில் காட்டினால், "மாசமா இருக்காங்களே, முதல்ல பிரசவப் பிரிவுல காட்டுங்க" என்றார்கள். பிரசவப் பிரிவில் காட்டினால், "குழந்தை நல்லா இருக்கு, கைக்கு நரம்புல காட்டுங்க" என்றார்கள். என் வயிறு ஓர் இடத்திற்கும் என் கை ஓர் இடத்திற்கும் சொந்தமாகிவிட, நடுவில் நான் மட்டும் நாற்காலி கிடைக்காமல் நின்றேன். என் கணவர் துண்டை விரித்துத் தரையில் உட்காரவைத்து, என் கால் இரண்டையும் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். போவோர் வருவோர் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாக இல்லை. எனக்குத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் நரம்புப் பிரிவின் பெண்கள் வார்டில் கட்டில் கிடைத்தது. அதிலிருந்து பரிசோதனைகள் ஆரம்பித்தன. கையிலும் காலிலும் பட்டையைக் கட்டி, சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். இன்னொரு அறையில் வெள்ளைக் கிண்ணம்போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். பக்கத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் எப்போதோ ஒருமுறை அழுத்தினேன். மெஷின் ரிப்பேர்போல என்று நினைத்தேன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நாற்பது தடவைக்கு மேல மின்னிச்சு. உங்களுக்கு நேரா இருக்கிறது மட்டும்தான் தெரியுது. பக்கத்துல இருக்கிறது தெரியல" என்றார் அங்கிருந்த பெண்.

கொஞ்ச நாளாக ரோட்டில் ஆடுமாடும் டூ வீலரும் திடீர் திடீரென்று என் பக்கத்தில் முளைத்துக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கை போகிறது, கால் போகிறது, கண்ணும் போகிறது. காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

காலையில் பிரசவப் பிரிவிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து என் வயிற்றில் சின்னக் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைப்பார். வார்டில் எனக்கு நல்லதாக நடந்தது அந்த ஒரு நிமிடம்தான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், இந்தச் சத்தம் மட்டும் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். பக்கத்துக் கட்டிலில் மதுராந்தகத்துப் பக்கம் இருந்து வந்த லட்சுமி அக்கா இருந்தார். பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் எனக்கு இட்லியைப் பிட்டுக் கொடுப்பார். நான் இரண்டு கையாலும் அவருக்குத் தலை பின்னிவிடுவேன். விரலில் உணர்ச்சி இல்லாததால் பின்னல் கோணல் மாணலாக வரும். "பரவால்ல வுடு, என்னை யாரு பொண்ணு பாக்க வரப்போறாங்க" என்பார்.

எட்டாம் நாள் மதியம் என் கணவர் ஊரிலிருந்து திரும்பி வந்தார். கையில் தூக்குச்சட்டி. பஸ் மாறி, ரயில் ஏறி, மடியில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரி சோறு எனக்கு இறங்கவில்லை என்று தொட்டியில் இருந்ததிலேயே பெரிய விராலை அறுத்து அவரே குழம்பு வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் வார்டு முழுக்க வாசனை. ஆசையாகத் தின்றேன். பாதியில் இருக்கும்போது நரம்புப் பிரிவின் பெரிய டாக்டரம்மா மாணவர்களோடு வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். திட்டப்போகிறார் என்று நான் சட்டியை மறைத்தேன்.

"மறைக்காதீங்க. வாசனை வராண்டா வரைக்கும் வருது. என்ன மீன்?"

என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வெராலு மேடம். எங்க ஏரி மீனு. நானே புட்ச்சது."

"பெரிய மீனா?"

அவர் கையை நீட்டி முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினார். "இம்மாம் நீளம். கடைல கெடைக்காது மேடம்."

"அடிக்கடி சாப்பிடுவாங்களா?"

"வாரத்துல மூணு நாளு, நாலு நாளு. ஒன்றர வருசமா குட்த்துக்கினு கீறேன். வூட்லயே தொட்டி கட்டி வச்சிக்கினு கீறோம்."

"தொட்டியில என்ன தீனி போடுவீங்க?"

"சின்ன கெண்ட, இறா, தவளக்குஞ்சி. அதே ஏரியிலேந்து அள்ளிக்கினு வந்து போடுவேன். கொழுகொழுன்னு வந்துடும்."

டாக்டரம்மா என் கேஸ் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, "ஏரிப் பக்கம் கம்பெனி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"கம்பெனில்லாம் ஒண்ணும் இல்ல மேடம். ஏரிக்குத் தண்ணி வர்ற வரத்துக் கால்வா ஓரமா, பழைய டியூப்லைட்டு ஒடைக்கிற கொட்டா ஒண்ணு கீது. வெளியூருக்காரங்கோ போட்டது. ஆறேழு வருசமா கீது. லாரில வரும், ஒடச்சி இரும்பு தகரம்லாம் தனியா எடுத்துப்பாங்கோ. கண்ணாடிய அங்கியே கொட்டிடுவாங்கோ."

டாக்டரம்மா குனிந்து, தூக்குச்சட்டியின் மூடியை எடுத்துத் தானே மூடினார். "இதை இனிமே இவங்க சாப்பிட வேண்டாம். நீங்களும் சாப்பிட வேண்டாம்" என்றார். அன்று மாலையே எங்கள் இருவரின் பின்கழுத்திலிருந்தும் ஒட்ட ஒரு கொத்து முடியை வெட்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார்கள். ரத்தமும் எடுத்தார்கள். முடியில் எதற்கு வியாதி தேடுகிறார்கள் என்று லட்சுமி அக்கா கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. பாதரசம். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாயில் வெள்ளியாக ஓடுமே, அதுதான். டியூப்லைட்டுக்குள்ளும் துளியளவு இருக்குமாம். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் அதைச் சொல்கிறேன்.

உடைத்த இடத்திலிருந்து மழை அதை ஏரிக்குள் இழுத்துவருகிறது. ஏரிச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை வேறொரு வகையாக மாற்றிவிடுகின்றன. அந்த வகை உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது. பாசியில் அணுவளவு இருக்கும். பாசியை நாள்பூராவும் தின்னும் பூச்சியில் அதைவிடக் கூடுதல். பூச்சிகளைத் தின்னும் கெண்டையில் இன்னும் கூடுதல். கெண்டைகளைத் தின்று வருடக்கணக்கில் வாழும் விராலில் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். ஒரு கிழட்டு விராலைத் தின்றால் அது வாழ்நாளெல்லாம் தின்றதையும் சேர்த்துத் தின்கிறோம். அது ரத்தத்தில் ஏறி மூளைக்கும் நரம்புக்கும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் கணவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் மெல்லிய குரலில், "நான் தண்ணி மாத்திக்கினே இருந்தேன் மேடம். போர் தண்ணி. டெய்லி மாத்துவேன்" என்றார்.

"சேறு குடல்ல இருக்கும், அது போயிடும். இது சதையில இருக்கு. கழுவினாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது."

அவர் போட்ட கெண்டையும் இறாலும் அதே ஏரியில் பிடித்தவை. மீனைச் சுத்தம் செய்வதாக நினைத்து அதற்குள் இன்னும் ஏற்றியிருக்கிறோம். இதை டாக்டரம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. என் கணவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஊரில் மற்றவர்கள் எப்போதோ ஒரு நாள் பொடி மீன் தின்கிறார்கள், பெரிய விராலை விற்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையும் வாலும் தின்ற அவருக்குக்கூட என் அளவில் பாதிதான் இருந்தது. ஊரிலேயே அதிகமாகத் தாங்கப்பட்டவள் நான், அதனால்தான் எனக்கு வந்தது.

"கொழந்தைக்கு?" என்று கேட்டேன்.

"நஞ்சுக்கொடி இதைத் தடுக்காது தேவகி. ஸ்கேன்ல கை, கால், தலை எல்லாம் சரியா இருக்கு. மூளை எப்படி வேலை செய்யும்னு ஸ்கேன்ல தெரியாது. பிறந்து வளரும்போதுதான் பார்க்கணும்."

முதல் பாதி மட்டும்தான் என் கணவரின் காதில் விழுந்திருக்கிறது. வராண்டாவுக்கு வந்ததும் யார் யாருக்கோ போன் போட்டு, "ஸ்கேன்ல எல்லாம் கரெக்டா கீதாம்" என்றார். பாதரசத்தை வெளியே இழுக்கும் மருந்து உண்டாம். ஆனால் வயிற்றில் குழந்தையோடு அதைக் கொடுக்க யோசித்தார்கள். மூளைக்குப் போனதை அது அவ்வளவாக எடுக்காது என்றும் சொன்னார்கள். மீனை நிறுத்துவது, காத்திருப்பது, இவைதான் எனக்கு வைத்தியம். ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே இரண்டு மாதம்போல் ஆகுமாம்.

அவர் ஊருக்குப் போய்த் தொட்டியில் மிச்சமிருந்த ஐந்து விராலையும் குழி தோண்டிப் புதைத்தார். ஏரியில் விட்டால் யாராவது பிடித்துத் தின்றுவிடுவார்கள். குத்தகைக் கூட்டாளிகளிடம் சொன்னபோது அவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "ஒம் பொண்டாட்டிக்கு இன்னா வியாதியோ, ஏரி மேல பயி போடாதே. நாங்க பொயப்பு நடத்தறதா வாணாமா?" என்றார்கள். எனக்காக மீன் எடுத்து வைத்த அதே மனிதர்கள். அதிகாரிகள் வந்து பாட்டிலில் ஏரித் தண்ணீர் பிடித்துப் போனார்கள். தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை என்று தாள் வந்தது. தண்ணீரில் தேடினால் எப்படி இருக்கும்? அது மீனில் அல்லவா இருக்கிறது. கொட்டகைக்காரர்கள் மட்டும் ஒரு வாரத்தில் தகரத்தைப் பிரித்துக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள். போன இடத்திலும் ஓர் ஏரி இருக்கும்.

ஒன்பதாம் மாதம் முடிவில் அதே மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. எடை சரியாக இருந்தது. அழுகை மட்டும் கொஞ்சம் தாமதமாக, மெலிதாக வந்தது. தொப்புள்கொடியை வெட்டும்போது அதிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். அதே நாளில் என் கையிலிருந்தும் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் வேகமாகத் தேறினேன். உதட்டில் தடிப்பு போனது. விரலில் முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்து பிறகு சூடு, குளிர்ச்சி தெரிந்தது. பக்கத்தில் வருகிற ஆள் முழுதாக இல்லாவிட்டாலும் நிழலாகத் தெரிந்தார். பார்க்க வந்தவர்களெல்லாம் பிழைத்து வந்தாய் என்று மகிழ்ந்தார்கள். கோமதி அண்ணி கோயிலுக்கு வேண்டுதல் செலுத்தினாள். நானும் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்வானேன்.

நாற்பத்தைந்தாம் நாள் இருவரையும் காட்டப் போனோம். என் கணவர் மருந்து வரிசையில் நின்றார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். அவரிடம் இரண்டு தாள்கள் இருந்தன.

"உங்களுக்கு நல்லா குறைஞ்சிருக்கு தேவகி. இன்னும் குறையும்."

"கொறஞ்சதெல்லாம் எங்க போச்சி மேடம்?"

சும்மாதான் கேட்டேன். அவர் முதல் தாளை என் முன்னால் வைத்தார். "கொஞ்சம் மலத்துல போகும். கொஞ்சம் முடியில போகும்" என்றார். பிறகு என் மடியைப் பார்த்தார். "கொஞ்சம் தொப்புள்கொடி வழியா போகும்." இரண்டாவது தாளை என் பக்கம் திருப்பினார். எனக்கு ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். ஒரே நாளில் எடுத்த ரத்தம். என்னுடையதைவிட அவளுடைய எண் பெரியதாக இருந்தது.

"இது எல்லாத் தாய்க்கும் இப்படித்தான். அம்மா ரத்தத்தைவிடக் கொடி ரத்தத்துல கூடத்தான் இருக்கும். உங்க தப்பு இல்லை. பால் தாராளமா கொடுங்க, அதுல ரொம்பக் குறைவாத்தான் போகும்."

பாசி, பூச்சி, கெண்டை, விரால், அதற்கு மேல் நான் என்றுதான் எண்ணியிருந்தேன். எனக்கு மேலும் ஒருத்தி இருந்திருக்கிறாள். என் உடம்பு என்னைக் கேட்காமலே தன்னிடம் இருந்ததை அவளுக்கு ஊட்டியிருக்கிறது. நான் தேறியதில் அவள் வாங்கிக்கொண்டது எவ்வளவு என்று டாக்டரம்மா சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

மருந்தோடு வந்த கணவர், "இன்னா சொன்னாங்கோ?" என்று கேட்டார்.

"எனுக்கு கொறஞ்சிடுச்சாம்" என்றேன்.

அவர் குழந்தையை வாங்கி உயரே தூக்கி, "கேட்டியா, ஒங்கம்மாக்கு நல்லாயிடுச்சி" என்றார். அத்தனை மாதத்திற்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பின்மேல் இரண்டாவது தாளைப் போட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அவளுக்குப் பத்து மாதம். தலை இன்னும் நிற்கவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாரம் ஒரு முறை பயிற்சிக்கு அவரே தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கூட்டிப்போகிறார். கேட்பவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாமே லேட்டுதான், நானே ரெண்டு வயசுலதான் நடந்தேனாம்" என்று சொல்கிறார். நேரில் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டியாவது முழுக்கப் படிப்பார்.

என்னங்க, பாப்பாவுக்கு அது லேட் இல்லை.